மூன்று தடவை அழுத்துகிறவர்கள்

ஊரிகத்தில் ஏறுகிறவனுக்குக் காலை ரயிலில் ஜன்னலோர இடம் கிடைக்காது. மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்கள் பாதியையும் சாம்பியனில் ஏறுகிறவர்கள் மீதியையும் பிடித்துவிடுவார்கள். பதினொரு வருடமாக பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்காவது ஆளாக ஒட்டிக்கொண்டுதான் போயிருக்கிறேன். ஒரு நாளும் யாரிடமும் சண்டை போட்டதில்லை. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்றுகூடச் சொன்னதில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று இந்த வழக்கை விசாரிக்கிற மேடம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் டென்சில். வயது நாற்பத்திரண்டு. ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் அப்பாவோடும் மனைவி ஈவ்லினோடும் இருக்கிறேன். அப்பா பெயர் மரியகுழந்தை; கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து, அது மூடியபோது வீட்டுக்கு வந்தவர். பக்கத்து வீடு பெரியசாமி மாமாவுடையது. அவர்கள் பௌத்தக் குடும்பம், நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்; நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். மாமா இறந்தது பற்றியும், பிறகு இறந்த மூன்று பேர் பற்றியும் நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எல்லாத் தாளிலும் பக்க எண் போட்டிருக்கிறேன்.

முதல் நாள் விசாரணையில் என் வேலை என்ன என்று கேட்டீர்கள். இரண்டு புரோகிராம்கள் ஒன்றா இல்லையா என்று சொல்வது என்றேன். நீங்கள் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தீர்கள், அவர் மேலே ஃபேனைப் பார்த்தார். அதனால் இங்கே கொஞ்சம் விளக்குகிறேன்.

ஒரு கருவிக்குள் இருக்கும் புரோகிராமை எடுத்துவிட்டு வேறு ஒன்றை வைக்கிறார்கள் என்று வையுங்கள். உள்ளே எழுதியிருப்பது முழுக்க வேறு. வெளியே இருக்கிறவருக்கு வித்தியாசம் தெரியுமா என்பதுதான் கேள்வி. நாங்கள் அதை ஒரு ஆட்டமாகப் பார்க்கிறோம். புரோகிராம் ஒரு ஆட்டக்காரர். வெளியுலகம் எதிராளி. எதிராளி ஒரு காயை நகர்த்துகிறார்: பொத்தானை அழுத்துகிறார், அல்லது கரண்டைப் பிடுங்குகிறார். புரோகிராம் பதிலுக்கு நகர்த்துகிறது: கத்துகிறது, விளக்கைப் போடுகிறது, சும்மா இருக்கிறது. இப்படி நடக்கக்கூடிய எல்லா ஆட்டங்களையும் சேர்த்தால் அதுதான் அந்தப் புரோகிராம். எந்த எதிராளி எப்படி ஆடினாலும் பழையதும் புதியதும் ஒரே மாதிரி பதில் கொடுத்தால் இரண்டும் ஒன்று. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

எல்லா ஆட்டங்களையும் எப்படி எழுதி முடிப்பது என்று கேட்பீர்கள். பெரிய புரோகிராம்களுக்கு அது முடியாது. முடியாது என்பதையே நிரூபித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சின்னப் புரோகிராம்களுக்கு, விதிகளைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால், மொத்த ஆட்டங்களையும் சில வட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்துவிடலாம். ஆட்டோமேட்டன் என்போம். பழையதற்கு ஒரு படம், புதியதற்கு ஒரு படம். ஒன்றில் இருக்கிற, மற்றதில் இல்லாத ஆட்டம் ஏதாவது உண்டா என்று கம்ப்யூட்டர் தேடும். இல்லையென்றால் பச்சை எழுத்தில் ‘சமம்’ என்று வரும். இருந்தால் அந்த ஆட்டத்தையே சிவப்பு எழுத்தில் வரிசையாகக் காட்டும். இதில் ‘அநேகமாக’, ‘இருக்கலாம்’, ‘பார்ப்போம்’ எல்லாம் கிடையாது. மேடம் உங்கள் வேலையில் இப்படி ஒரு வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சோதனை என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. சோதனை என்பது நாலு தடவை அழுத்திப் பார்ப்பது. நாங்கள் செய்வது நிரூபணம். நிரூபித்துவிட்டால் பிறகு யாரும் அழுத்திப் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் கம்பெனி விளம்பரத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது, யாரும் அழுத்திப் பார்க்கவும் இல்லை.

இனி மிஷின். சுரங்கத் தூசி நெஞ்சில் தங்கிப்போன முப்பத்தாறு பெரியவர்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஆக்சிஜன் மிஷின் கொடுத்தது. பெரியசாமி மாமாவுக்கு ஒன்று, எங்கள் அப்பாவுக்கு ஒன்று. கரண்டில் ஓடும். கரண்ட் போனால் காற்று நிற்கும், மிஷின் கத்தும். வீட்டில் இருக்கிறவர் யாராவது வந்து பக்கத்தில் இருக்கும் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்ற வேண்டும். கத்தலை அடக்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் இரண்டு நிமிடம் வாயை மூடும், யாரும் வராவிட்டால் மறுபடி கத்தும். கரண்ட் வந்ததும் தானாக ஓடும். எத்தனை தடவை அழுத்தினாலும் இதேதான். லைன் வீடுகளில் ஒரு வீட்டுச் சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்கும் என்பதால், கத்த ஆரம்பித்ததுமே அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாம் என்று எல்லாரும் பொத்தானைத்தான் முதலில் தேடுவார்கள். நல்ல மனிதர்கள்.

அந்த மிஷினில் புதிய புரோகிராம் போடுவதாக ஏற்பாடு. புதியதும் பழையதும் சமமா என்று பார்க்கிற வேலை என் மேஜைக்கு வந்தது. அன்று காலை பதினொன்று இருபதுக்குத் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. கரண்ட் போகிறது, மிஷின் கத்துகிறது, அழுத்தல், அழுத்தல், அழுத்தல், மௌனம். கரண்ட் வருகிறது, மௌனம். புதியதை எழுதினவர்கள் அதில் ஒரு வசதி வைத்திருந்தார்கள். அடுத்தடுத்து மூன்று தடவை அழுத்தினால், பழுதுபார்க்கிறவர் வந்துவிட்டார் என்று மிஷின் எடுத்துக்கொள்ளும். அவர் வேலையை முடித்துச் சாவியைத் திருப்பும்வரை கத்தாது, காற்றும் விடாது. மரியாதையாகக் காத்திருக்கும்.

என் மேனேஜர் சரத் வந்து திரையைப் பார்த்தார். சுற்றி ஆறு பேர் நின்றார்கள். சமம் என்று அவர் ஏற்கெனவே மேலிடத்தில் சொல்லிவிட்டிருந்தார்.

“மூணு டைம் யாரு ப்ரெஸ் பண்ணுவாங்க, டென்சில்? நீங்க அந்த ஊர் சைடுதானே. சொல்லுங்க.”

“யாரும் பண்ண மாட்டாங்க, சரத்” என்றேன்.

இதைப் பொய் என்று குறித்துக்கொள்வீர்கள். அவசரப்பட வேண்டாம், நானே சொல்கிறேன்.

சுரங்கத்தில் கேஜ் என்பது ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டு. மேலே இன்ஜின் அறையில் உட்கார்ந்து அதை இழுக்கிறவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. நடுவில் அவ்வளவு நீளக் கயிறு. மணிச் சத்தம் ஒன்றுதான் பேச்சு. ஒரு தடவை அடித்தால் நிறுத்து. இரண்டு தடவை அடித்தால் இறக்கு. மூன்று தடவை அடித்தால் உள்ளே இருப்பது ஆள், கல் இல்லை, பார்த்து மெதுவாக இழு. பெரியசாமி மாமா முப்பது வருடம் கீழே லெவல் என்கிற சுரங்கத் தளத்தில் நின்று அந்த மணியை அடித்தவர். மேலே அதைக் கேட்டு இழுத்தவர் எங்கள் அப்பா. எங்கள் லைனில் இருக்கும் எந்தப் பெரியவர் கையில் பொத்தானைக் கொடுத்தாலும் மூன்று தடவைதான் அழுத்துவார். காலிங் பெல் என்றாலும் மூன்று தடவை. பெங்களூரில் லிஃப்டில் ஏற்றினாலும் மூன்று தடவை. ஈவ்லின் வாஷிங் மெஷின் வாங்கின அன்று அப்பா அதையும் மூன்று தடவை அழுத்த, அரை மணி நேரம் அது எதற்கும் அசையாமல் நின்றது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

இதை நான் அந்த ஆறு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தாங்கள் கல் இல்லை, ஆள் என்று மிஷினுக்குத் தெரியப்படுத்த ஆசைப்படுவார்கள் என்று சொல்ல வேண்டும். சிரித்திருப்பார்கள். பதினொரு வருடத்தில் அந்த ஆபீசில் என் வாயிலிருந்து ‘இன்னா’ என்ற சொல் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஊர் எது என்று கேட்டால் கோலார் பக்கம் என்று நிறுத்திக்கொள்வேன். பார்த்துப் பார்த்துச் சேர்த்த அந்த மரியாதையை ஒரு பொத்தானுக்காக விட எனக்கு மனம் வரவில்லை. தவிர, பெரியவர்களின் பழக்கம் என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. அது வெறும் ஊர்க் கதை.

ஆகவே, எதிராளி அதிகபட்சம் இரண்டு தடவைதான் அழுத்தலாம் என்று ஆட்ட விதியில் ஒரு வரி சேர்த்தேன். இதில் மோசடி எதுவும் இல்லை. எதிராளியை ஓரளவு கட்டிப்போட்டால்தான் விடையே வரும் என்பது எங்கள் துறையில் பாலபாடம். மறுபடி ஓடவிட்டேன். நாற்பது நொடியில் பச்சை வந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். நான்காம் பக்கத்தில் அடிக்குறிப்பாக, ‘நியாயமான பயனர் இருமுறைக்கு மேல் அழுத்தமாட்டார்’ என்று எழுதியும் வைத்தேன், எதையும் ஒளிக்கவில்லை. அன்று மாலை ஆபீசில் கேக் வெட்டினார்கள். சமக்குறி செதுக்கின ஒரு கண்ணாடிக் கட்டி எனக்குப் பரிசு. அதை வீட்டு ஷோகேசில் வைத்தபோது அப்பா இது என்ன என்று கேட்டார். ரெண்டு கோடு என்றேன்.

பிப்ரவரியில் ராஜேந்திரன் என்ற டெக்னீஷியன் வீடு வீடாக வந்து புரோகிராமை மாற்றினார். எங்கள் லைனுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. வீட்டில்தான் இருந்தேன், அவருக்குக் காபி கொடுத்தேன். பெரியசாமி மாமா வீட்டுக்கு நானே கூட்டிப்போனேன்.

“பழசே நல்லாதானேப்பா ஓடிகினு இருந்துச்சி?” என்றார் மாமா.

“ரெண்டும் ஒண்ணுதான் மாமா. நான் பாத்து சைன் போட்டிருக்கேன்.”

“டென்சில் பாத்துச்சின்னா சரி. மாத்துப்பா” என்று ராஜேந்திரனிடம் சொன்னார். என் படிப்பு மேல் அவருக்கு எப்போதும் பெருமை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று லைன் முழுக்க ஜிலேபி கொடுத்தவர் அவர், எங்கள் அப்பா அல்ல.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி மத்தியானம் மூன்று பத்துக்கு எங்கள் பகுதியில் கரண்ட் போனது. நாலு மணிக்கு வந்தது. அப்போது நான் பெங்களூரில் இருந்தேன், ஆபீஸ் பதிவேட்டில் பார்க்கலாம். மாமாவின் மகள் செல்வியும் பெங்களூரில்தான் இருந்தாள். ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் வேலை. தாய் இல்லாத பெண். அப்பாவை வைத்துக் காப்பாற்றுவதற்காக வந்த இரண்டு வரனைத் தட்டிக் கழித்தவள். மாலை ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா போன் எடுக்கலண்ணா. நாலு வாட்டி அடிச்சிட்டேன்.”

“தூங்கிகினு இருப்பாரும்மா.”

“மத்தியானம் கரண்ட் போச்சாம். எதிர் வூட்டு பாக்கியவதி அக்கா மெசேஜ் போட்டிருக்கு. ஒங்க அப்பா மிஷின் கத்துச்சாம், அக்கா வந்து சிலிண்டர் தொறந்துச்சாம். எங்க அப்பா மிஷின் மொதல்ல கத்துனதோட சரி, அப்புறம் சத்தமே போடலயாம். நல்லாதான் இருக்காருன்னு போட்டிருக்கு.”

“அப்ப சரி” என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி அப்போது மாலூரைத் தாண்டியிருந்தது. பாக்கியவதி அக்காவைக் கூப்பிட்டு உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். கணக்குப் பாருங்கள்: மூன்று பத்துக்கு நின்ற காற்று, மணி அப்போது ஆறரை. போன் செய்வதால் மாறக்கூடியது எதுவும் இல்லை. ஊரிகம் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, அந்த நேரம் மட்டுமாவது அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். என்னிடம் இருந்த வேர்க்கடலையில் பாதியைக் கொடுத்தேன். உப்பு தூக்கலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

அன்று இரவு, மாமாவின் உடலுக்குப் பக்கத்தில், செல்வியும் இருக்கும்போது அப்பா சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். “மூணு குடுத்தாருப்பா. செவுத்துக்கு அந்தாண்ட தெளிவா கேட்டுச்சி, டிக்கு டிக்கு டிக்குன்னு. அப்புறம் சத்தமே இல்ல. சரி, ஆளு மேல வந்துகினு இருக்காருன்னு நெனச்சிகினு நான் பாட்டுக்குப் படுத்துட்டேன்.” மூன்று தடவை மணி அடித்து, பிறகு சத்தம் இல்லாவிட்டால் கேஜ் ஒழுங்காக ஏறுகிறது என்று அர்த்தம். முப்பது வருடம் அப்படிக் கேட்டுப் பழகிய காது அது. அதற்குப் பிறகு கட்டிலை அந்தச் சுவர்ப் பக்கம் போட அவர் விடுவதில்லை. என் அப்பா சத்தம் போட்டு அழுது அன்றுதான் பார்த்தேன். பாடையை நாலு பேர் தூக்கினோம், முன்பக்கம் இடது தோள் நான்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். டாக்டர் வயது, நுரையீரல் என்றுதான் எழுதியிருந்தார். அதை மறுத்துப் பேச நான் டாக்டர் இல்லை. ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும், நிரூபணம் விழுந்துவிடும் என்று சரத்தின் லேப்டாப்பிலிருந்து யாரோ உங்களுக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த உதாரணம் விதிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். மாமா விதிக்கு வெளியே அழுத்தினார். அதனால் கண்டிப்பாகப் பார்த்தால் அந்த ஆட்டம் நடக்கவே இல்லை. அதே மாதிரி மே மாதம் பக்கத்து ஸ்டேஷன் கோரமண்டலில் டேவிட் என்ற பெரியவர், ஜூனில் பேத்தமங்களா ரோட்டில் இரண்டு பேர். மூன்று சாவுக்கும் போனேன். கம்பெனி அதற்கப்புறம் எல்லா மிஷினிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியது. இரண்டு முறைக்கு மேல் அழுத்த வேண்டாம் என்று, ஆங்கிலத்தில். அந்த வாசகத்தைச் சரிபார்த்துக் கொடுத்தவனும் நான்தான்.

ஜூன் கடைசி ஞாயிறு நாங்கள் சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்த நேரம், செல்வி ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அவள் உள்ளே வரும்போது கரண்ட் போனது. அப்பாவின் மிஷின் கத்தியது. அப்பா படுத்தபடியே கையை நீட்டி மூன்று தடவை அழுத்தினார். மிஷின் அடங்கியது. ஈவ்லின் சிலிண்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள், இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. மிஷின் மறுபடி கத்தியது. செல்வி பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

“ஒங்க அப்பாவும் மூணு வாட்டிதான் அமுக்குனாரு.”

“ஆமாம்மா.”

“இது திருப்பியும் கத்துதே. எங்க அப்பாது ஏண்ணா கத்தல?”

நான் குழாயை மாற்றிக்கொண்டிருந்தேன்.

“ரெண்டும் ஒண்ணுன்னுதானே அன்னிக்கி எங்க அப்பாகிட்ட சொன்னீங்க?”

“ஒண்ணுதான் செல்வி” என்றேன்.

அவள் பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் உங்களிடம் வந்தாள். எந்த எதிராளியாலும் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசத்தை, ஒரு பாத்திரத்தைத் திருப்பித் தர வந்த பெண் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தது எனக்கு ஒரு வகையில் ஆச்சரியம்தான்.

ராஜேந்திரன் உங்களிடம் சொல்லியிருப்பது சரி. அந்தச் சனிக்கிழமை காபி கொடுத்த கையோடு, எங்கள் வீட்டு மிஷினைத் தொட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மாற்றியதாகப் பட்டியலில் எழுதிக்கொள்ளச் சொன்னதும் நான்தான். முப்பத்தாறில் பழைய புரோகிராம் இருப்பது எங்கள் வீட்டில் மட்டும் என்பதை நீங்கள் பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். இரண்டும் சமம் என்று நிரூபித்தவனே நான். சமமான ஒன்றை எதற்காக மெனக்கெட்டு மாற்ற வேண்டும்? அவருக்கு ஒரு வீட்டு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன்.

ஆக, சிவப்பு எழுத்தைப் பார்த்தேன். அதன் அர்த்தம் அந்த ஆபீசில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. கேட்டபோது இல்லை என்றேன். விதியைச் சுருக்கிக் கையெழுத்துப் போட்டேன். மாமா போன பிறகும் மூன்று மாதம் சும்மா இருந்தேன். இவ்வளவையும் யாருடைய வற்புறுத்தலும் இன்றி ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தே செய்தேன் என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வித்தியாசம் உண்டு என்று நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாட்சியப் பொருளாக எங்கள் வீட்டு மிஷினைத் திங்கட்கிழமை எடுத்துப்போவதாகச் சொன்னீர்கள். தாராளமாக எடுத்துப்போங்கள். பதிலுக்குக் கிடங்கிலிருந்து வேறு ஒன்று கொடுப்பதாகவும் சொன்னீர்கள். கிடங்கில் இருப்பதெல்லாம் புதியது என்று கேள்விப்பட்டேன். அது எங்களுக்கு வேண்டாம் மேடம். வேறு ஏற்பாடு ஆகும்வரை சிலிண்டரே போதும், ஈவ்லின் லீவு போட்டுவிட்டுப் பார்த்துக்கொள்வாள். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்பீர்கள். எத்தனை ஸ்டிக்கர் ஒட்டினாலும் அப்பா மூன்று தடவைதான் அழுத்துவார்.